முழங்கை பார்த்த ஜெனோவா அக்கா

செய்தி வந்தபோது என் விரல் ஒரு மனிதரின் முழங்கையில் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மேசையில் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. திரையில் ஜெனோவா அக்காவின் கணவர் ரேமண்ட் அண்ணன் பெயரைப் பார்த்ததுமே என்ன செய்தி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எடுத்தேன்.

"கனி, ஜெனோவா போயிட்டா" என்றார். "காலையில காப்பி கேட்டா. நா போட்டுக் கொண்டாரதுக்குள்ள..."

"வாரேன்ண்ணே" என்று மட்டும் சொன்னேன். அழுகை வரவில்லை. இந்த அழைப்புக்காகக் காத்திருந்தே என் உடம்பு அலுத்துப்போயிருந்தது. கிரேன்காரர் எழுந்து உட்கார்ந்து, "நீங்க போங்க மேடம், நா பெறவு வாரேன்" என்றார். நான் அவரைப் படுக்கச் சொன்னேன். தொடங்கியதைப் பாதியில் விட்டால் அந்த இடம் அன்று முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும். முடித்தேன். கையைக் கழுவினேன். கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம், வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மரிய ஜெனோவா ஒரு பிசியோதெரபிஸ்ட். தூத்துக்குடி கடற்கரைத் தெரு ஒன்றில் பிறந்தவர். அவருடைய அப்பா சங்கு குளித்தவர். கடலுக்கடியில் மூச்சடக்கி மூச்சடக்கி ஒரு காது அடியோடு போய்விட்டது. அதனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் பேசியே பழக்கம். அக்கா ஒரு நோயாளியிடம் "வலிக்கா?" என்று கேட்டால் மில்லர்புரத்தில் எங்கள் கிளினிக் இருக்கும் தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கும். கடைக்கார அண்ணாச்சி அங்கிருந்தே "ஆமா, வலிக்கு!" என்று பதில் சொல்வார்.

ஏன் இந்தப் படிப்புக்கு வந்தீர்கள் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன்.

"எங்கப்பாவுக்குக் கடைசி காலத்துல தோளு, முழங்கை, முட்டு எல்லாம் போச்சு கனி. எத்தனையோ டாக்டர் பாத்தாங்க. எல்லாரும் எழுதிக் குடுத்தாங்க. ஒருத்தரும் தொட்டுப் பாக்கல" என்றார்.

நாங்கள் இருவரும் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் சந்தித்துக்கொண்டோம். அவர் எனக்குச் சில வருடங்கள் முன்பே அங்கே சேர்ந்திருந்தார். கட்டடத்தின் பின்பக்கத்தில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து, ஜன்னல் இல்லாத ஒரு கூடம் எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே எல்லாம் மெஷின்தான். அல்ட்ராசவுண்ட் குமிழைத் தடவுவது, கரண்ட் பட்டைகளை ஒட்டுவது, சூட்டு மெழுகில் கையை முக்குவது. நோயாளியை மெஷினில் மாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. உடம்பு நோகாத வேலை.

அங்கே முழங்கை வலிக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கேஸ் சீட்டில் 'டென்னிஸ் எல்போ' என்று எழுதியிருக்கும். முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு நிற்கிறதே, அதில் வந்து ஒட்டும் தசைநாண் நைந்துபோவதால் வரும் வலி அது. மணிக்கட்டைத் தூக்கி எதையாவது இறுக்கிப் பிடித்தால் சுரீர் என்று ஏறும். தேநீர் கிளாஸ்கூடக் கனக்கும். அந்தப் பெயர் அக்காவுக்கு ஆகவே ஆகாது.

"இந்த ஊர்ல டென்னிஸ் ஆடுத ஒருத்தராவது நம்மகிட்ட வந்துருக்காவளா? பரோட்டா அடிக்கவன் வாரான், மீன் வெட்டுதவ வாரா, மூட்டை தூக்குதவன் வாரான். வேல செஞ்சு வந்த வலிக்கு விளையாட்டுப் பேரு வச்சிருக்கான்" என்பார்.

அவர் சொன்ன அந்தப் பரோட்டாக்காரர்தான் எல்லாவற்றையும் மாற்றியவர். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டலில் மாஸ்டர். ஏற்கெனவே ஊசி போட்டு, வலி நின்று, மறுபடி வந்து, மறுபடி ஊசி போட்டு, அதற்குப் பிறகு எங்களிடம் அனுப்பப்பட்டிருந்தார். வாரக்கணக்கில் மெஷின் வைத்தோம். ஒரு நாள் அவர் சலித்துப்போய், "மேடம், இந்தப் பெட்டி என்ன பண்ணுதுன்னு உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

அக்கா மெஷினை அணைத்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அந்த எலும்புக்குச் சற்று முன்னால் விரல் நுனியால் தேடிப்போய் ஓரிடத்தில் நிறுத்தினார். மாஸ்டர் துள்ளினார்.

"இங்கனதானே?"

"அங்கனதான், அங்கனதான்! விடுங்க!"

அக்கா விடவில்லை. விரல் தோலின் மேல் வழுக்காமல், தோலையும் சேர்த்து நகர்த்தி, அந்த நாணுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் தேய்த்தார். "எண்ணெ போடலியா?" என்று மாஸ்டர் அலறினார். "எண்ணெ போட்டா அது தாளிதம். இது வைத்தியம்" என்றார் அக்கா. எக்ஸ்ரே எடுக்கக் காத்திருந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அலறல் குறைந்தது. அந்த இடம் மரத்துப்போயிருந்தது. அதன் பிறகு மேல்கையின் அடிப்பகுதியை ஒரு கையால் வெளிப்பக்கமிருந்து அணைத்துப் பிடித்து, மறு கையால் முன்கையை உட்பக்கமிருந்து மெல்ல வெளியே தள்ளி, "இப்ப விரல மூடுங்க" என்றார். மாஸ்டர் பயந்து பயந்து மூடினார். இறுக்கினார். இன்னும் இறுக்கினார். "வலிக்கல" என்றார், யாரோ ஏமாற்றுகிறார்கள் என்பதுபோல.

அக்கா கையை எடுத்ததும் வலி திரும்பிவிட்டது. இதையும் எழுத வேண்டும். தொட்டதும் குணமானது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். மாஸ்டருக்கு அதன் பிறகும் வாரங்கள் பிடித்தன. சின்ன எடையைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக, மிக மெதுவாக இறக்கும் பயிற்சியை அலுக்காமல் செய்யவைத்தார். கை தேறியது. தீபாவளிக் கூட்டம் முடிந்து அதே கைவலியோடு மாஸ்டர் திரும்பி வந்தார்.

அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து அக்கா சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "நாம கைய சரி பண்ணி, கெடுத்த வேலைக்கே திருப்பி அனுப்புதோம். அது மறுபடி கெடுத்து அனுப்புது. நடுவுல நாம யாரு கனி? தபால்காரங்களா?"

ஆனாலும் மறுநாள் மாஸ்டரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கையால் பார்க்கத் தொடங்கியபின் ஒருவருக்கு ஆகும் நேரம் கூடியது. நிர்வாகத்துக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு நாள் "வா, வெளிய போயிருவோம்" என்றார் அக்கா. மில்லர்புரத்தில் ஒரு வீட்டின் முன்பக்க அறைகளை வாடகைக்குப் பிடித்தோம். ரேமண்ட் அண்ணன் இழுவைப் படகில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்து, கப்பலுக்கு அடிக்கிற மாதிரி எங்கள் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அக்காவுக்கும் அண்ணனுக்கும் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை, அக்காவும் சொன்னதில்லை.

பேச்சியம்மாள் வந்தது அந்த கிளினிக்குக்குத்தான். உப்பளத்தில் உப்பை அள்ளிக் கொட்டும் வேலை. வலது முழங்கையில் கையை வைக்க விடவில்லை. "அள்ளதுக்கு முடியல, வீட்டுல துணி பிழிய முடியல, கொடத்தத் தூக்க முடியல. இந்தக் கைய வெட்டி எறிஞ்சிட்டு வேற ஒண்ணு மாட்டுங்க" என்றார்.

தினமும் வரச் சொன்னோம். அவரால் முடியாது. அளத்தில் வெயில் ஏறும் முன்பே வேலை தொடங்கிவிடும். முடித்து வந்தால் வீட்டு வேலை. வாரம் ஒருமுறை வருவதே அவருக்குப் பெரிய பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா திடீரென்று, "ஒங்க வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டார்.

"வெளிய நிக்காரு."

"கூப்பிடுங்க."

சுடலைமுத்து உள்ளே வந்தார். அவரும் அளத்துத் தொழிலாளிதான். வெயிலில் கறுத்து, கண்ணோரம் சுருங்கிப்போன, அதிகம் பேசாத மனிதர். அக்கா அவரைக் கட்டிலருகே நிற்கவைத்து, "கையப் பிடிங்க" என்றார்.

அவர் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நானா?"

"பெறவு? அடுத்த வீட்டுக்காரரா பிடிப்பாரு?"

பேச்சியம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்கம். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்கள். மற்றவர்கள் பார்க்க அந்தக் கையை அவர் பிடித்ததே இல்லை போலும். சுடலைமுத்து கடைசியில் பிடித்தார். உப்பில் வெடித்துக் காய்த்த உள்ளங்கை. அக்கா அதன்மேல் தன் கையை வைத்து, எங்கே அணைப்பது, எந்தப் பக்கம் தள்ளுவது, எவ்வளவு போதும் என்று காட்டினார். "இப்ப விரல மூடுங்க பேச்சி. வலிச்சா சொல்லுங்க. அவருகிட்டச் சொல்லுங்க, எங்கிட்ட இல்ல."

"வலிக்கு" என்றார் பேச்சியம்மாள், சுவரைப் பார்த்து.

"கொஞ்சம் கீழ தள்ளுங்கண்ணே. இப்ப?"

பேச்சியம்மாள் மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் கணவரைப் பார்த்தார். "இப்ப வலிக்கல" என்றார். சுடலைமுத்து பிடித்த பிடியை விடாமல் அப்படியே நின்றார். "இம்புட்டு மெலிஞ்சிருக்கு கை" என்றார். வெளியே போய்விட்டார். நான் தண்ணீர் கொண்டுபோனபோது வேப்பமரத்தடியில் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்றார்.

அதன் பிறகு அக்கா அதையே வழக்கமாக்கினார். முழங்கை வலி என்று வந்தால் "வீட்டுல யாரு இருக்கா? கூட்டிட்டு வாங்க" என்பார். காயல்பட்டினத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்து, ஒருவர் கையை ஒருவர் பிடிக்கக் கற்றுக்கொண்டு போனார்கள். மாமியார் போகும்போது, "இனி சண்டை போட்டாலும் கைய மட்டும் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் எனக்கும் அக்காவுக்கும் மனத்தாங்கல் வந்ததும் உண்டு. வீட்டு ஆள் எவ்வளவு அழுத்துவார் என்று நமக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். நான் பயந்தபடியே ஒரு பெண் முழங்கை முழுக்கக் கருநீலமாகக் கன்றிப்போய் வந்தார். நாங்கள் விரலால் குறுக்கே தேய்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் கணவரும் வீட்டில் கட்டைவிரலை வைத்து அரைத்திருக்கிறார். அன்று முழுக்க அக்கா யாரிடமும் உரக்கப் பேசவில்லை. மறுநாள் வந்ததும், "நீ சொன்னது சரிதான். தேய்க்கறது நம்ம வேலை. அவங்களுக்குப் பிடிக்க மட்டும் சொல்லிக் குடுப்போம்" என்றார். அப்படியே நடந்தது. தான் நினைத்தது தப்பு என்று தெரிந்தால் அதை மூடிவைக்க ஒரு நாளுக்கு மேல் அவரால் முடியாது.

பிறகு அக்காவுக்கு வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி. மதுரையில் அறுவை சிகிச்சை. அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். சில மாதங்களில் வலது கை வீங்கத் தொடங்கியது. அந்தக் கையில் ஊசி குத்தக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, அழுத்தம் கொடுக்கும் வேலை எதுவும் செய்யக் கூடாது. அழுத்தம் கொடுப்பதே தொழிலாக இருந்த கை அது.

அவர் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தவில்லை. ஸ்டூலுக்குப் பதில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இடது கையால் தொட்டு இடத்தைக் கண்டுபிடிப்பார். நான் விரலை வைப்பேன். "கொஞ்சம் மேல. ஆங், அதான்" என்பார். வந்தவர்கள் அவருடைய கையையே பார்ப்பார்கள். "என் கைய விடுங்க, உங்க கையப் பாருங்க" என்று அதட்டுவார்.

சாயங்காலங்களில் அவருடைய கைக்கு நான் வைத்தியம் பார்த்தேன். நிணநீர் வடிய வைக்க அழுத்தவே கூடாது. தோலை மட்டும், பூனைக்குட்டியைத் தடவுவதுபோல, தோளை நோக்கி நகர்த்த வேண்டும். முழங்கை முழங்கையாக அழுத்தியே பழகிய விரல் எனக்கு. மறந்து அழுத்திவிடுவேன்.

"ஏளா, ஏன் இந்த அமுக்கு அமுக்குத? நா என்ன பரோட்டா மாஸ்டரா?" என்பார்.

ஒரு சாயங்காலம் கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். விரலில் தொடங்கித் தோள்வரை சுற்றவேண்டும். மின்சாரம் இல்லை. இருவருக்கும் வியர்த்து வடிந்தது.

"கனி, அலுப்பா இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா."

"எனக்கும்தான்" என்றார். கட்டு முடிந்தது. அன்று எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பேச்சியம்மாளும் சுடலைமுத்துவும் ஒருமுறை பார்க்க வந்தார்கள். பேச்சியம்மாள் அந்த வீங்கிய கையைப் பார்த்துவிட்டு, "நா கொஞ்சம் பிடிச்சு விடட்டா?" என்று கேட்டார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு இடது கையை நீட்டி, "இதப் பிடிங்க. இது சும்மாதான் இருக்கு" என்றார். பேச்சியம்மாள் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

நோய் எலும்புக்குப் போனது. சென்னையில் வேறொரு மருந்து இருப்பதாக யாரோ சொன்னார்கள். ரேமண்ட் அண்ணன் டிக்கெட் போடத் தயாரானார். அக்கா மறுத்துவிட்டார். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீ சொன்னா கேப்பா கனி. சொல்லு" என்றார். படகில் வடம் பிடித்து உரமேறிய மனிதர், சமையலறையில் நின்று என்னைக் கும்பிட்டார்.

நான் உள்ளே போனேன். அக்கா கண்ணை மூடிப் படுத்திருந்தார். திறக்காமலேயே, "நீயும் அனுப்பப் போறியா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் என்ன சொல்வது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய உடம்பை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"இல்லக்கா."

"அவருகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிரு. நா சொன்னா அழுதுருவாரு. எனக்கு அதப் பாக்கத் தெம்பு இல்ல."

சொன்னேன். அவர் என்னிடமும் அழுதார். அதன் பிறகு சென்னைப் பேச்சை எடுக்கவே இல்லை. கடைசி வாரங்களில் அக்காவை அவர்தான் குளிப்பாட்டினார், அவர்தான் கட்டுச் சுற்றினார். என்னைவிட நன்றாகச் சுற்றினார்.

அடக்கத்துக்குக் கூட்டம் வந்திருந்தது. பாதிரியார் பூசை வைத்து, ஜெபம் சொன்ன பிறகு கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். கடற்காற்று பலமாக அடித்தது. பெட்டியை இறக்கி, ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். மெழுகுவர்த்தி எதுவும் நிற்கவில்லை. ஏற்றுவதும் அணைவதுமாக இருந்து, கடைசியில் எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு வழக்கப்படி ரேமண்ட் அண்ணன் கல்லறைத் தோட்டத்து வாசலருகே நின்றார். வந்தவர்கள் வரிசையாக அவருடைய கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். துறைமுகத்துக்காரர்கள், அளத்துக்காரர்கள், மீன் வெட்டும் பெண்கள், ஹோட்டல்காரர்கள். ஒவ்வொருவரும் இறுக்கிப் பிடித்தார்கள். சொல்ல வந்ததை அந்தப் பிடியில்தான் சொன்னார்கள்.

வரிசை முடிந்தபோது அண்ணன் தன் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அத்தனை பேர் இறுக்கினால் எந்த முழங்கையும் தாங்காது. பக்கத்தில் போய், "வலிக்காண்ணே? காட்டுங்க, பாக்கேன்" என்று கையை நீட்டினேன்.

அவர் கையைக் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும் கனி" என்றார். "இன்னைக்கு வலிச்சாத்தான் சரி."

நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். இருவரும் கடலைப் பார்க்க நின்றோம்.

அக்கா, நாளைக்குக் காலையில் கிளினிக்கைத் திறக்க வேண்டும். ஆட்கள் வருவார்கள். எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் திறப்பேன். நீங்கள் தூங்குங்கள்.